டேம்பிங் பேசிய பதிமூன்று நிமிடம்

இருபது பேர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கும் அறையை, வாசலில் வந்து நின்றே சாவு வீடாக்கிவிடக்கூடிய ஆள் இந்த உலகத்தில் ஒருவன்தான் பிறந்தான். அவன் ஆரணியில் பிறந்தான் என்பது அந்த ஊரின் தலையெழுத்து. மூன்று வருடம் எனக்குப் பக்கத்துக் கட்டிலில் படுத்தான் என்பது என் தலையெழுத்து.

எழுபதுகளின் கடைசியில் ஆரணிக் கல்லூரி ஒன்றில் பி.எஸ்சி. இயற்பியல் படித்த பதினெட்டுப் பேரில் நானும் ஒருவன், அவனும் ஒருவன். அவனுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் அட்டெண்டன்ஸ் புத்தகத்தில் மட்டும்தான் இருந்தது. அவன் ‘பிரசன்ட் சார்’ என்று சொல்கிற குரலைக் கேட்டால், வந்திருப்பது தான்தானா என்று அவனுக்கே சந்தேகம் இருப்பதாகத் தோன்றும். மற்றபடி ஹாஸ்டலில், மெஸ்ஸில், ஆய்வுக்கூடத்தில், கடைசி வருடத்தில் அவனைத் தேடிவந்த அவன் அப்பா வாயிலும்கூட, அவன் பெயர் டேம்பிங்.

இயற்பியல் படிக்காத புண்ணியவான்களுக்காகச் சொல்கிறேன். ஆட்டிவிட்ட ஊஞ்சல் காற்றில் உரசி, கொக்கியில் உரசி, வீச்சு குறைந்து குறைந்து அடங்கிப்போகிறதே, அதற்குப் பெயர்தான் டேம்பிங். இவனுக்கு இதைவிடப் பொருத்தமான பெயரை எந்த ஜோசியரும் வைத்திருக்க முடியாது.

அவன் வீடு கல்லூரியிலிருந்து அரை மைல். பட்டுத்தறி போட்ட இடம் போக மிச்சமிருந்த இடத்தில் ஐந்து பிள்ளைகள் படுக்க முடியாது என்று மூத்தவனை ஹாஸ்டலில் சேர்த்திருந்தார்கள். தனிக் கட்டில், தனி அலமாரி. நம்மில் யாருக்காவது அப்படி ஒரு வாய்ப்பு வந்தால் ராஜா மாதிரி காலை நீட்டியிருப்போம். இவன் முதல் நாள் கட்டிலைத் தட்டிப் பார்த்துவிட்டு, “நாலாவது வருஷம் தாங்காது” என்றான். எங்கள் படிப்பே மூன்று வருடம்தான்.

எங்கள் துறைத் தலைவர் ஒரு வழக்கம் வைத்திருந்தார். சனிக்கிழமை கடைசி பீரியடில் மாணவன் ஒருவன் மேடையேறிப் பதினைந்து நிமிடம் பேச வேண்டும். புத்தகத்தில் இருப்பதைப் பேசக் கூடாது. தன் கையால் அளந்து பார்த்ததைப் பேச வேண்டும். பதினைந்தாவது நிமிடம் மாணவர் மன்றச் செயலாளர் மணி அடிப்பார். அடித்தால் பாதி வார்த்தையில் இருந்தாலும் வாயை மூடிக்கொண்டு இறங்கிவிட வேண்டும். “சொல்ல வந்தத நேரத்துக்குள்ள சொல்லத் தெரியாதவன் சயின்டிஸ்ட் ஆக முடியாது” என்பது அவர் கட்சி. இதைச் சொல்லவே அவருக்கு அரை மணி நேரம் ஆகும் என்பது வேறு விஷயம்.

பேச்சுகள் பலவிதம். ஒருவன் டூரிங் டாக்கீஸின் மூங்கில் தட்டி ஓரமாக உட்கார்ந்தால் வசனம் ஏன் இரண்டு தரம் கேட்கிறது என்று ஆராய்ந்தான். அதற்காக ஒரே படத்தை ஒன்பது தரம் பார்த்தான். அதில் நாலு தரம் எங்களையும் ஆராய்ச்சி உதவிக்கு என்று அழைத்துப்போனான். இன்னொருவன் பக்கத்துக் கிராமத்து நயினார் வீட்டுப் பையன். பரம்பரை ஜைனக் குடும்பம். பொழுது சாய்ந்தால் வீட்டில் யாரும் சாப்பிட மாட்டார்கள். பொழுது எப்போது சாய்ந்தது என்பதில்தான் வீட்டில் தினமும் தகராறு. இவன் ஒரு மாதம் தினமும் மாலையில் முற்றத்தில் நின்று, செய்தித்தாளின் பொடி எழுத்து எந்த நிமிடம் படிக்க முடியாமல் போகிறது என்று குறித்துவைத்து, குடும்பத்துக்குப் பதினொரு நிமிடம் கூடுதலாக மிச்சம் இருக்கிறது என்று நிரூபித்தான். நாங்கள் கைதட்டினோம். வீட்டில் அவனை முன்னைவிட அரை மணி முன்னதாகவே சாப்பிட உட்காரவைத்துவிட்டார்கள்.

டேம்பிங்கின் முதல் பேச்சு இரண்டாம் வருடத்தில் வந்தது. மேடையேறினான். விட்டத்துக் கொக்கியில் ஒரு பித்தளைக் குண்டைக் கட்டித் தொங்கவிட்டான். சீக்கிரம் அடங்கட்டும் என்று குண்டில் ஓர் அட்டையையும் ஒட்டியிருந்தான். ஒரு பக்கமாக இழுத்து விட்டான்.

“பாத்துகினே இருங்க” என்றான்.

அவ்வளவுதான் பேச்சு. நாங்கள் பார்த்தோம். இரண்டு நிமிடம், ஐந்து நிமிடம். குண்டு ஆடியது. பின்வரிசையில் ஆரம்பித்த சிரிப்பு ஆறாவது நிமிடத்தில் தானாக நின்றது. குண்டின் வீச்சு குறையக் குறைய எங்களுக்குள்ளும் ஏதோ குறைந்துகொண்டே வந்தது. அத்தை வீட்டுக் கல்யாணப் பேச்சு, அரியர் பேப்பர், ஊரில் படுத்திருக்கும் தாத்தா என்று அவனவனுக்கு அவனவன் கவலை ஞாபகம் வந்தது. நயினார் வீட்டுப் பையன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். தூசி என்றான். பதினான்காவது நிமிடம் குண்டு அடங்கியது. டேம்பிங் எங்களைப் பார்த்து “இதான்” என்று சொல்லிவிட்டுப் போய் உட்கார்ந்தான். அன்று மெஸ்ஸில் பாதிப் பேர் சாப்பிடவில்லை. பெயரும் அன்றைக்கே வைத்தாகிவிட்டது.

அதற்குப் பிறகு அவன் அந்தப் பெயருக்கு ஒரு நாளும் துரோகம் செய்யவில்லை. மெஸ்ஸில் யாராவது “சாம்பார் நல்லா இருக்குதுடா” என்று சொன்னால், தட்டிலிருந்து தலையைத் தூக்காமல் “இன்னிக்கு” என்பான். வேலூர் பஸ் நேரத்துக்கு வந்துவிட்டது என்றால் “இன்னிக்கு.” பிராக்டிகல் நன்றாகச் செய்தேன் என்றால் “இன்னிக்கு.” இந்த ஒற்றை வார்த்தையால் அவன் அணைத்த சந்தோஷங்களைக் கணக்கெடுத்தால் தனிப் புத்தகம் போட வேண்டும்.

ஒரு ஆடி மாதம் படவேடு அம்மன் கோயிலுக்குக் கூட்டமாகப் போனோம். திருவிழாவில் ராட்டினத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பெண் கயிற்று ஊஞ்சலில் ஆடிக்கொண்டிருந்தது. ஆட்டிவிட்ட அம்மா வளையல் கடைப் பக்கம் போய்விட்டாள். டேம்பிங் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு பக்கத்தில் நின்றான். பிறகு குனிந்து, மிகுந்த மரியாதையோடு அந்தக் குழந்தையிடம் சொன்னான்: “இன்னும் நாப்பத்தோரு ஆட்டம்தான் பாப்பா. அதுக்கப்புறம் நின்னுடும்.” குழந்தை போட்ட அழுகையில் அம்மா வளையலைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள். நாங்கள் கடைசி பஸ்ஸுக்குக் காத்திருக்காமல் சந்தவாசல் வரை நடந்தே வந்தோம்.

ஆய்வுக்கூட அட்டெண்டர் தன் பெண் கல்யாணத்துக்கு எங்களை எல்லாம் அழைத்தார். மணமக்களுக்கு ஆளுக்கொரு வாழ்த்துச் சொல்லச் சொன்னார்கள். வேண்டாம் என்று நான் சட்டையைப் பிடித்து இழுத்தும் டேம்பிங் மைக்கைப் பிடித்துவிட்டான். “ஆரம்பத்துல வீச்சு ஜாஸ்தியா இருக்கும். போகப் போக அடங்கும். பயப்படாதீங்க” என்றான். மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டாரைப் பார்த்தார்கள். அட்டெண்டர் எங்களைப் பார்த்தார். பந்தியில் எங்கள் இலைக்கு மட்டும் இரண்டாம் தரம் பாயசம் வரவில்லை.

இவ்வளவையும் சகித்துக்கொண்டிருக்கலாம். துறையில் யாராலும் சகிக்க முடியாத கோளாறு ஒன்று அவனிடம் இருந்தது. அவன் ரீடிங் சமைக்க மாட்டான்.

சமைப்பது என்றால் என்னவென்று பிராக்டிகல் செய்த எவருக்கும் தெரியும். விடை என்ன வர வேண்டும் என்பது புத்தகத்தில் இருக்கிறது. அந்த விடைக்கு என்ன அளவு வேண்டும் என்று பின்னாலிருந்து கணக்குப் போட்டு, அந்த அளவையே நாம் அளந்ததாக ரெக்கார்டு நோட்டில் எழுதிவிட வேண்டும். ஒரேயடியாகச் சரியாக இருந்தால் சந்தேகம் வரும் என்று ஓரிரு எண்ணைக் கொஞ்சம் தப்பாகவும் எழுதுவோம். அது தாளிப்பு. எங்கள் வகுப்பில் பதினேழு பேர் நல்ல சமையல்காரர்கள். அதிலும் நான் கல்யாண சமையல் எடுக்கிற அளவுக்குத் தேறியிருந்தேன்.

“சமையல் மெஸ்ல பண்ணுவாங்க” என்பான் டேம்பிங். வந்த எண்ணை வந்தபடி எழுதி, சிவப்பு மையில் பெருக்கல் குறி வாங்கிக்கொண்டு வருவான்.

மூன்றாம் வருடத்துக்கென்று இரண்டாம் வருடக் கடைசியிலேயே அவன் எடுத்துக்கொண்ட ஆராய்ச்சி, ஆரணியில் ஜியின் மதிப்பு. ஜி என்பது விழுகிற பொருள் நொடிக்கு நொடி எவ்வளவு வேகம் கூடி விழுகிறது என்கிற கணக்கு. நூலில் ஒரு குண்டைக் கட்டி ஆட்டிவிட்டு, நூலின் நீளத்தையும் ஓர் ஆட்டத்துக்கு ஆகிற நேரத்தையும் அளந்தால் கண்டுபிடித்துவிடலாம். நம் பக்கத்தில் தொள்ளாயிரத்து எழுபத்தெட்டு வர வேண்டும். மூன்றாம் வகுப்புப் பையனுக்குச் சொல்லிக்கொடுத்தாலும் செய்துவிடுவான்.

நூல் வேண்டும் என்று அட்டெண்டரிடம் போனான். கல்யாண வாழ்த்தை அவர் இன்னும் மறக்கவில்லை.

“நூலா? உங்க வீட்ல இல்லாத நூலா இங்க இருக்குது? போய் எடுத்துகினு வாபா” என்றார்.

டேம்பிங் வீட்டிலிருந்து பட்டு இழை கொண்டுவந்தான். சித்திரை மாதம். பத்து நீளங்கள் வெட்டி, ஒவ்வொன்றையும் அளந்து, அளவை எழுதிய அட்டையை நுனியில் கட்டி, அலமாரியில் தொங்கவிட்டான். இரண்டு நாள் ஆட்டிப் பார்த்தான். தொள்ளாயிரத்து எழுபத்தேழு வந்தது. எங்களில் யாராக இருந்தாலும் அன்றைக்கே ரெக்கார்டை முடித்துக் கையெழுத்து வாங்கியிருப்போம். அவன், “இன்னிக்கு” என்றான். ஐப்பசியில் மறுபடி ஆட்டிப் பார்த்தான். தொள்ளாயிரத்து அறுபத்து நாலு.

பத்து நாள் விடாமல் பார்த்தான். அறுபத்து நாலு, அறுபத்தஞ்சு, அறுபத்து நாலு. துறைத் தலைவர் கூப்பிட்டு, “ஏம்பா, எழுபத்தெட்டுன்னு போட்டு முடிச்சிடேன், பேஜார் பண்ணாத” என்றார். அவர் வாயால் அப்படி ஒரு சலுகை வந்தது அதுதான் முதல் தடவை. டேம்பிங் “அது வரலிங்க சார்” என்றான்.

அடுத்த ஒரு மாதம் ஹாஸ்டலில் யாரும் நிம்மதியாகத் தூங்கவில்லை. பூமி ஆரணியை மட்டும் மெல்லக் கைவிட்டுக்கொண்டிருக்கிறது என்கிற முடிவுக்கு அவன் வந்திருந்தான். தினமும் பஸ் ஸ்டாண்டு எடை மிஷினில் ஏறி நின்று பார்த்தான். அது தந்த சீட்டில் ‘உமக்குப் பயண யோகம் உண்டு’ என்று வந்தது. அதைக் கொண்டுவந்து என்னிடம் காட்டி, “பாத்தியா” என்றான்.

பிறகு ஒரு நாள் மத்தியானம், நல்ல மழையில், குடையில்லாமல் வீட்டிலிருந்து ஓடிவந்தான். கையில் தணல் நிறைந்த மண்சட்டி. அதன்மேல் ஒரு முறத்தைக் கவிழ்த்துப் பிடித்திருந்தான். நேராக ஆய்வுக்கூடத்துக்குப் போய், தொங்கிக்கொண்டிருந்த நூலுக்குக் கீழே சட்டியை வைத்துவிட்டு உட்கார்ந்தான். ஒரே புகை. அட்டெண்டர் தீப்பிடித்துவிட்டது என்று வாளித் தண்ணீரோடு வந்தார். டேம்பிங் இரண்டு கையையும் விரித்துச் சட்டியை மறைத்துக்கொண்டு, “ஊத்தாதீங்க, ஊத்தாதீங்க, காய்ஞ்சிகினு இருக்குது” என்றான்.

விஷயம் இதுதான். தறியில் நீளவாக்கில் இழுத்துக் கட்டியிருக்கும் இழைகளுக்குப் பாவு என்று பெயர். மழைக்காலத்தில் பட்டு ஈரம் குடித்து நீண்டு, பாவு தொய்ந்துவிடும். நெய்கிற வீடுகளில் அடியில் தணல் சட்டி வைத்துக் காயவைப்பார்கள். அன்று வீட்டில் அவன் அப்பா, பாவு தொய்ந்துவிட்டது, தணல் போடு என்று கத்தியபோதுதான் இவனுக்கு உறைத்திருக்கிறது. சித்திரையில் அளந்த நூலை ஐப்பசியில் அவன் மறுபடி அளக்கவே இல்லை. ஒரு மீட்டர் நூல் ஒன்றேகால் சென்டிமீட்டருக்கு மேல் வளர்ந்துவிட்டிருந்தது. பழைய நீளத்தையே கணக்கில் போட்டுக்கொண்டு பூமியைச் சந்தேகப்பட்டிருக்கிறான். எங்கள் வகுப்பில் பாதிப் பேர் நெசவு வீட்டுப் பிள்ளைகள். ஒருவனுக்கும் தோன்றவில்லை. ஆரணியில் எந்தத் தெருவில் யாரைக் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பார்கள். நாங்கள் இயற்பியல் படித்தவர்கள், அதனால் கேட்கவில்லை.

தணலில் நூல் காயக் காய எண் ஏறியது. எழுபது, எழுபத்து மூன்று, எழுபத்தேழு. அன்று சாயங்காலம் அவன் இதை எனக்குக் கட்டிலில் உட்கார்ந்து சொன்னபோது, பல் தெரியச் சிரித்தான். மூன்று வருடத்தில் நான் பார்த்த ஒரே தடவை. எனக்குக் கொஞ்சம் பயமாகக்கூட இருந்தது.

இனி நான் என்னைப் பற்றிச் சொல்ல வேண்டும். இதுவரை வந்ததுபோல் இது அவ்வளவு தமாஷாக இருக்காது.

அந்த வருடம் மாணவர் மன்றச் செயலாளர் நான். மணி என் கையில். கடைசி சனிக்கிழமைப் பேச்சைக் கேட்க மெட்ராஸிலிருந்து ஒரு பேராசிரியர் வருவதாக ஏற்பாடு. நாங்கள் நாலு பேர் பேச வேண்டும். அவருக்குப் பிடித்த ஒருவனுக்கு அவருடைய துறையில் எம்.எஸ்சி. இடமும் ஹாஸ்டலும் வாங்கித் தருவதாகத் துறைத் தலைவரிடம் சொல்லியிருந்தார். ஒரே ஒருவனுக்கு. டேம்பிங்கின் அப்பா ஹாஸ்டலுக்கே வந்து, “டேம்பிங்கு, மெட்ராஸ்காரரு கூட்டினு போனா போ. இல்லன்னா டிகிரியோட நிறுத்திக்கோ. தம்பிங்க இருக்காங்கடா” என்று சொல்லிவிட்டுப் போனார். எனக்குக் கண்ணமங்கலத்தில் அப்பாவின் உரக்கடை காத்திருந்தது. யூரியா மூட்டைகளுக்கு நடுவில் கல்லாவில் உட்கார்ந்திருக்கும் என்னை நானே கனவில் பார்த்து அலறி எழுந்த நாட்கள் அவை.

முதலில் நான் பேசினேன். குழாயில் ஒலியின் வேகம். ஐந்து ரீடிங், ஐந்தும் பக்குவமாகச் சமைத்தவை, அளவான தாளிப்போடு. பேராசிரியர் “வெரி கிளீன்” என்றார். அடுத்த இருவர் நடுங்கிக்கொண்டே பேசி இறங்கினார்கள். கடைசியில் டேம்பிங்.

அவன் எப்போதும்போல் தப்பிலிருந்து ஆரம்பித்தான். எண் தப்பாக வந்தது, குண்டைச் சந்தேகப்பட்டது தப்பு, கடிகாரத்தைச் சந்தேகப்பட்டது தப்பு, பூமியைச் சந்தேகப்பட்டது பெரிய தப்பு என்று ஒவ்வொன்றாக, ஒப்பாரி வைக்கிற குரலில் சொல்லிக்கொண்டே போனான். எடை மிஷின் சீட்டைக்கூடப் படித்துக் காட்டினான். பின்வரிசை சிரித்தது. பேராசிரியர் கொட்டாவி விட்டார். எனக்குத் தைரியம் வந்தது. பதிமூன்றாவது நிமிடம் தாண்டியதும், டேம்பிங் மேஜையிலிருந்து பட்டு இழையை எடுத்துத் தூக்கிப் பிடித்தான்.

“இதுவரைக்கும் சொன்னது எதுவும் காரணம் இல்லிங்க. காரணம் இன்னான்னா, எங்க வீட்ல…”

பேராசிரியர் கொட்டாவியை நிறுத்திவிட்டு, நாற்காலி நுனிக்கு வந்தார். மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு அந்த இழையைப் பார்த்தார். அந்த முகத்தை நான் பார்த்தேன். என் பேச்சுக்கு அவர் அப்படி ஒரு தரம்கூட நிமிரவில்லை.

மணியை அடித்துவிட்டேன்.

கை தவறி அடித்ததாகப் பல வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கை தவறவில்லை. டேம்பிங் வாயை மூடினான். பாதி வாக்கியம். இழையை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு மேடையிலிருந்து இறங்கினான். பேராசிரியர் ஏதோ கேட்க வாயெடுத்தார். அதற்குள் துறைத் தலைவர் வேலூர் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்துவிட்டார். போகிற போக்கில் பேராசிரியர் டேம்பிங்கின் தோளில் தட்டி, “ரீடிங் எடுக்கறதுல நிதானம் வேணும் தம்பி” என்றார்.

“சரிங்க சார்” என்றான் டேம்பிங்.

எனக்கு இடம் கிடைத்தது. எம்.எஸ்சி. முடித்தேன், பரீட்சை எழுதினேன், மெட்ராஸில் ஒரு வங்கியில் அதிகாரியானேன். ஒலியின் வேகம் அங்கே யாருக்கும் தேவைப்படவில்லை.

அவனை மறுபடி பார்த்தது எண்பதுகளின் நடுவில். மைத்துனி கல்யாணத்துக்குப் பட்டு எடுக்கக் குடும்பத்தோடு ஆரணி வந்திருந்தோம். பெண்கள் கடைக்குள் போனால் எப்போது வருவார்கள் என்பதற்கு இயற்பியலில் சூத்திரம் கிடையாது. நான் பஸ் ஸ்டாண்டு பக்கம் டீ குடிக்க வந்தேன். பெரணமல்லூர் பஸ் நிற்கிற இடத்தில், மஞ்சள் பையோடு, மழைக்கு ஒதுங்கி நின்றுகொண்டிருந்தான். தலை முன்பக்கம் காலியாகியிருந்தது. மற்றபடி அதே முகம்.

“பெருத்துட்ட” என்றான்.

பெரணமல்லூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் லேப் அசிஸ்டென்ட் வேலை. அப்பா போய் நாலு வருடம் ஆகிறது. தம்பிகள் தறியில். பள்ளியிலும் அவன் திருந்தவில்லை. பிளஸ் டூ பிள்ளைகளுக்கு வேண்டுமென்றே பட்டு இழையைக் கொடுத்து மழைக்காலத்தில் ஜி கண்டுபிடிக்கச் சொல்கிறான். தப்பாக வருகிறது. ஏன் தப்பு என்று கண்டுபிடிக்கிற பிள்ளை எல்லார் முன்னாலும் நின்று பேச வேண்டும்.

“ஹெட்மாஸ்டர் ஒண்ணும் சொல்றதில்லையா?”

“ரெண்டு மெமோ குடுத்தாரு. பதில் எழுதினேன். அத படிச்சிட்டு அவருக்கு ரெண்டு நாளா மனசே சரியில்லையாம்.”

“பேசற பசங்களுக்கு எவ்ளோ நேரம் தருவ?” என்று கேட்டேன். ஏன் கேட்டேன் என்று தெரியவில்லை.

“முடியற வரைக்கும். போன வருஷம் ஒரு பொண்ணு ஒண்ணரை மணி நேரம் பேசிச்சி.”

சொல்லிவிட்டேன். “டேய், அன்னிக்கு என் ரீடிங் எல்லாம் சமைச்சதுடா.”

“தெரியும். அஞ்சும் ஒரே பேனால, ஒரே மூச்சுல எழுதினது.”

“மணியையும் நான் முன்னாடியே அடிச்சிட்டேன்.”

“பதிமூணு நிமிஷம் இருவது செகண்டு” என்றான். “ஸ்டாப் கிளாக் மேஜை மேல ஓடிகினு இருந்துதே.”

“தெரிஞ்சே ஏன்டா நிறுத்தின? நேரம் இருக்குதுன்னு ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?”

“மணி அடிச்சா நிறுத்தணும்னு ரூலு. நேரம் ஆச்சான்னு கேக்கலாம்னு ரூலு இல்லியே” என்றான். பிறகு பஸ் வருகிற திசையைப் பார்த்துக்கொண்டே, “நீயா அடிச்சதால நிறுத்தினேன். வேற எவனாச்சும் இருந்தா கேட்டிருப்பேன்” என்றான்.

பஸ் வந்து, டிரைவர் இறங்கி டீக்கடைக்குப் போனார்.

“மீதிய இப்போ சொல்லு” என்றேன்.

“இப்ப எதுக்கு?”

“சொல்லேன்டா.”

பையைக் கீழே வைத்தான். சட்டையைக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டான். பெரணமல்லூர் பஸ்ஸுக்கு முன்னால், ஒரு கொய்யாப்பழக் கூடைக்காரம்மாவும் நானும் மட்டுமே இருந்த சபையில், நேராக நின்று பேசினான்.

“எங்க வீட்ல மழை வந்தா பாவு தொய்யும். பட்டு ஈரம் குடிச்சி வளரும். நான் சித்திரையில அளந்த நூல ஐப்பசியில அளக்கல. பழைய நீளத்த நம்பினேன். தணல் வெச்சி காயவெச்சதும் எண்ணு சரியாச்சி. அதனால ஆரணியில ஜி குறையலிங்க. நூல்தான் வளந்துது. நன்றி.”

நான் கைதட்டினேன். கூடைக்காரம்மா என்னையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“எவ்ளோ ஆச்சி?” என்றான்.

கடிகாரத்தைப் பார்த்தேன். “ஒரு நிமிஷம்.”

“அப்போ நாப்பது செகண்டு மிச்சம். கேள்வி இருந்தா கேளு.”

ஒரே ஒரு கேள்விதான் இருந்தது. “என் மேல கோவம் இருக்குதாடா?”

டேம்பிங் இந்தக் கேள்வியையும் ஒரு ரீடிங் எடுப்பதுபோலவே எடுத்துக்கொண்டான். அவசரப்படவில்லை. டிரைவர் வந்து ஏறி ஹாரன் அடித்த பிறகுதான் வாயைத் திறந்தான்.

“இருக்குது. மொத வருஷம் உன்ன பாத்திருந்தா அடிச்சிருப்பேன். ரெண்டாவது வருஷம் அதுல பாதி. அதுக்கு அடுத்த வருஷம் அதுல பாதி. குறைஞ்சிகினேதான் வருது.”

“அப்போ ஒருநாள் போயிடும்” என்றேன்.

“பாதி பாதியா குறையறது எப்படிடா பூஜ்யம் ஆவும்?” என்றான், கணக்கு வராத பையனைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்து. “கண்ணுக்குத் தெரியாத அளவுக்குப் போவும். பூஜ்யம் ஆவாது.”

பஸ் ஏறி, ஜன்னல் ஓரமாக உட்கார்ந்து, மழைச்சாரலுக்குத் தார்ப்பாயை இறக்கிவிட்டுக்கொண்டான். முகம் மறைந்துவிட்டது.

அதன் பிறகு நான் அவனைப் பார்க்கவில்லை. என் வாழ்க்கையில் நான் செய்த தப்புகளுக்கு எத்தனையோ பேர், அதெல்லாம் எப்போதோ மறந்தாச்சு என்று சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கிறார்கள். எல்லாம் என் ஐந்து ரீடிங் மாதிரி, பக்குவமாகச் சமைத்தவை. அளந்து பார்த்து உள்ளதைச் சொன்னவன் அவன் ஒருவன்தான். வருடக் கணக்குப்படி அவன் கோபம் இப்போது அரிசியின் நுனியளவுகூட இருக்காது. ஆனாலும் அது பூஜ்யமாக வேண்டாம் என்றுதான் நினைக்கிறேன். அது கொஞ்சமாவது இருக்கிறவரை, பெரணமல்லூரில் மழை பெய்கிற நாளில் அவன் என்னை ஒரு தடவையாவது நினைப்பான்.